மேடையேறிய பட்டுத் தொழிலாளர்

பட்டாடையின் பளபளப்பைக் கண்டு வியப்போர் பலர். அதனை நெய்த கைகளை நினைப்போர் சிலரே. ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள பற்றர்சன், ஒரு காலத்தில் ‘பட்டு நகரம்’ எனப் பெயர் பெற்றிருந்தது. அந்நகரத் தொழிலாளரும் அயலிலுள்ள நியூயோர்க் நகரக் கலைஞரும் 1913ஆம் ஆண்டிற் கூடி நிகழ்த்திய காட்சி நாடகம், கலையும் தொழிலாளர் இயக்கமும் இணையும்போது விளையும் நன்மையையும் இடரையும் ஒருங்கே காட்டுவதாகும்.

பிணக்கின் காரணம் எளிதில் விளங்கக் கூடியது. இரண்டு தறிகளைக் கவனித்து வந்த நெசவாளர் நான்கு தறிகளைக் கவனிக்க வேண்டுமென ஆலை முதலாளிகள் விரும்பினர். அவ்வாறாயின் பலர் வேலையிழப்பர். கூலியும் குறையும் எனத் தொழிலாளர் அஞ்சினர். எட்டு மணி நேர வேலை நாளையும் அவர்கள் கோரினர். பெப்ரவரி 25ஆந் திகதி வேலைநிறுத்தம் தொடங்கியது. இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் தறிகளையும் சாயத் தொட்டிகளையும் விட்டு வெளியேறினர். உலகக் கைத்தொழிலாளர் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது.

வாரங்கள் கழிந்தன, அடுப்புகள் அணைந்தன. நியூயோர்க் பத்திரிகைகளோ அத்துணை பாராமுகமாக இருந்தன. இந்நிலையிலேதான், தொழிலாளரின் கதையைத் தொழிலாளரே மேடையில் நடித்துக் காட்டினால் என்ன என்ற எண்ணம் கலைஞரிடையே பிறந்தது. ஜோன் றீட் என்னும் இளம் இதழாளர் அப்பொறுப்பை ஏற்றார். அவர் பற்றர்சனிற் கைதாகிச் சிறையிருந்து, தொழிலாளரின் நிலையை அவர்கள் வாயாலேயே கேட்டறிந்தவர். றொபேட் எட்மண்ட் ஜோன்ஸ் மேடையையும் சுவரொட்டியையும் அமைத்தார். ஓவியர் ஜோன் சுலோன் ஆலையின் தோற்றத்தைப் பெருந்திரையிற் தீட்டினார்.

யூன் 7ஆந் திகதி இரவு, மடிசன் ஸ்குயர் கார்டின் மண்டபத்தில் ஏறத்தாழப் பதினையாயிரம் பேர் கூடினர். ஆயிரத்துக்கும் அதிகமான தொழிலாளர் நடித்தனர். ஆனால் அதனை நடிப்பு என்பது பொருந்துமோ? ஆலைக்குட் செல்வதும், வேலையை விட்டு வெளிவருவதும், மறியலில் நிற்பதும் அவர்கள் அன்றாடம் வாழ்ந்தவை. வேலைநிறுத்தத்திற் பங்கு கொள்ளாத ஒருவர், தம் வீட்டு வாயிலில் நின்றவேளை ஆலைக் காவலர் சுட்ட குண்டினால் மாண்டிருந்தார். அவரது இறுதி ஊர்வலமும் காட்டப்பட்டது. சபையோர் நடுவேயமைந்த பாதையாற் சவப்பெட்டி சுமந்து செல்லப்பட்டபோது, பார்ப்போர் யார், நடிப்போர் யார் என்ற வேற்றுமையே மறைந்தது.

கலை வென்றது, ஆயின் போராட்டம் வெல்லவில்லை. ஒரே இரவுக்காக மண்டப வாடகையும் காட்சியமைப்பும் பெருஞ்செலவை விளைத்தன. வேலையற்ற தொழிலாளர் பலர் சிறு கட்டணத்துடனும் கட்டணமின்றியும் அனுமதிக்கப்பட்டனர். இதனால் நிவாரண நிதிக்குப் பணம் சேரும் என்ற நம்பிக்கை பொய்த்து, நட்டமே எஞ்சியது. கோடை முடியுமுன் தொழிலாளர் தங்கள் கோரிக்கைகளைப் பெறாமலே ஆலைகளுக்குத் திரும்பினர்.

போராட்டத் தலைவர்களுள் ஒருவரான எலிசபெத் கேர்லி பிளின், 1914இல் இதனை ஆராய்ந்து பேசினார். ஒத்திகைக்காகத் தொழிலாளர் மறியற் களத்தை விட்டகன்றமையும், மேடையேறும் வாய்ப்புச் சிலருக்கே கிடைத்தமையால் ஏனையோரிடம் பொறாமை எழுந்தமையும், பணம் பற்றிய ஏமாற்றமும் ஊக்கத்தைக் குலைத்தன என்பது அவர் கருத்து. இக்கண்டனம் கலையின் பகைவரிடமிருந்து வந்ததன்று. களத்தில் நின்றவரிடமிருந்து வந்தது. ஆதலின் அது புறக்கணிக்கத்தக்கதன்று.

எனினும் தோல்வி ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளுதல் நேர்மையாகாது. வேலைநிறுத்தத் தோல்விக்குப் பசியும் முதலாளிகளின் பலமும் காரணங்களாயிருந்தன. அந்த ஓரிரவில், பேசப்படாதிருந்த மக்கள் தங்கள் வாழ்வைத் தாமே பேசினர். பிறர் அவர்களுக்காக இரங்கிப் பாடவில்லை. ஆலைகளின் பின்னணியிலிருந்து மேலெழும் தொழிலாளியைக் காட்டும் அச்சுவரொட்டி இன்றும் நினைவுகூரப்படுகின்றது.

தொழிலாளரோடு சேர்ந்து படைக்க முனையும் கலைஞருக்குப் பற்றர்சன் கூறும் பாடம் இதுவே: மேடை விளக்கு ஒரு போராட்டத்தை உலகுக்குக் காட்டலாம், போராட்டத்தின் இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளலாகாது. திரை விழுந்தபின் கலைஞர் வீடு திரும்புவர். தொழிலாளியோ மறுநாட் காலை ஆலை வாயிலில் நிற்க வேண்டியவன். அந்த மறுநாளையும் எண்ணிப் படைக்கப்படும் கலையே அவனுக்குத் துணையாகும்.