கங்காரு எலி
கங்காரு எலி என்பது வட அமெரிக்காவின் மேற்கிலுள்ள வறண்ட நிலங்களில் வாழும் கொறிணிப் பேரினம் ஆகும். இதில் ஏறத்தாழ 20 இனங்கள் உள்ளன. நீண்ட பின்னங்கால்களால் தாவிச் செல்வதால் இப்பெயர் பெற்றது. கங்காருவுடன் நெருங்கிய உறவுடையதன்று.

நீர்ச் சிக்கனம்

இவ்வெலி நீர் அருந்தாமலே வாழவல்லது. உண்ட விதைகள் உடலில் ஆக்சிசனேற்றம் அடையும்போது உண்டாகும் நீரே பெரும்பாலும் போதுமானது. சிறுநீரகங்கள் மிகச் செறிவான சிறுநீரை வெளியேற்றுகின்றன.

சூழலியல் பங்கு

1977 இல் அரிசோனாவின் போர்ட்டல் அருகே, சிவாவாப் பாலைவனத்தில் ஆய்வாளர்கள் சில நிலத்துண்டுகளுக்கு வேலியிட்டு மூன்று கங்காரு எலி இனங்களை அகற்றினர். 12 ஆண்டுகளில் அப்புதர்நிலம் புல்வெளியாக மாறியது. விதைகளை உண்டும் மண்ணைக் கிளறியும் புற்களைக் கட்டுப்படுத்தியவை இவ்வெலிகளே என இதனால் அறியப்பட்டது.

கலிபோர்னியாவில் வேளாண்மையால் வாழிடம் இழந்த பெருங் கங்காரு எலி, 1987 இல் அழிவாய்ப்புள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.