விமானப்படை வேலையை விட்டார், மேடையை விடலை! 'டெல்லி' கணேஷ் பேர் வந்த கதை

டெல்லி கணேஷ் டெல்லிக்காரர் இல்லை; அசல் நெல்லைச் சீமைக்காரர். சொந்த ஊர் வல்லநாடு. அப்புறம் எப்படி வந்தது அந்த 'டெல்லி'?

1964-ல் விமானப்படையில் சேர்ந்தார். டெல்லியில் இருந்தபோது தட்சிண பாரத நாடக சபாவில் வேஷம் கட்டினார். மாசம் பொறந்தா சம்பளம் வர்ற வேலைதான். ஆனாலும் 10 வருஷத்தோட, 1974-ல் விலகிட்டார். சென்னையில் காத்தாடி ராமமூர்த்தி நாடகக் குழுவில் சேர்ந்தார்.

விசுவின் 'பட்டினப்பிரவேசம்' நாடகத்தை 1977-ல் கே.பாலசந்தர் படமாக்கினார். அதில் கணேசை அறிமுகப்படுத்தி 'டெல்லி கணேஷ்'னு பேர் வைத்ததும் அவர்தான்.

மேடையில் 'ஒன்ஸ்மோர் டேக்' கிடையாது. வசனம் தப்பினா அங்கேயே சமாளிக்கணும். அந்தப் பழக்கம் கடைசி வரை கைகொடுத்தது. 'பசி' (1979) ரிக்‌ஷாக்காரர் வேஷம் தமிழக அரசு விருது வாங்கித் தந்தது. 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) பாலக்காட்டு மணி ஐயரை யார் மறப்பாங்க? 400-க்கும் மேற்பட்ட படங்கள். அதோடு 'செல்லமே', 'ஆஹா' சீரியல்கள் மூலம் வீட்டுக்குள்ளேயும் வந்துட்டார்.

2024 நவம்பரில் 80 வயதில் காலமானார். இறுதி மரியாதை செலுத்த விமானப்படையினரும் வந்தாங்க. அவர் வேலையை விட்டு அப்போ 50 வருஷம் ஆகியிருந்தது!