பாலை உலகம் புனைதல்

உலகைப் படைத்தல் இறைவன் செயல். படைத்த உலகைக் கண்டு, அதுபோல் வேறோர் உலகைக் கருத்தில் அமைத்து மகிழ்தல் மக்களுக்கு வாய்த்த இன்பங்களுள் ஒன்று. பண்டு இவ்வின்பம் புலவர்க்கே உரியதாயிருந்தது. இக்காலத்தோ, மேசையைச் சூழ அமர்ந்து விளையாடும் மாணவர்க்கும் உரியதாயிற்று. 1974-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டினராகிய காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் இயற்றிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டு வெளிவந்தது. அதன் வழியே தோன்றிய விளையாட்டுக்கள் இன்று மிகப் பல. அவற்றை அறியாதார் பொருட்டு அவற்றின் இயல்பை முதற்கண் சுருங்கக் கூறுதும்.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்போர் ஆடும் பரமபத சோபானப் படத்தை ஸ்ரீவில்லிபுத்தூர் மாணவர் நன்கறிவர். அதிற் காய் ஏறுவதும் இறங்குவதும் உருட்டிய கட்டையின் பயனே. ஆடுவோன் ஆராய்ந்து தெரிவது யாதுமில்லை. இப்புதிய விளையாட்டில், ஆடுவோர் ஒவ்வொருவரும் தம்மை ஒரு வணிகனாகவோ வீரனாகவோ மருத்துவனாகவோ பாவித்துக்கொள்வர். ஒருவர் மட்டும் கதை நடத்துவோராயிருந்து, "வழியிற் பாலம் உடைந்து கிடக்கிறது; என் செய்வீர்?" என வினவுவர். ஏனையோர் தாம் ஏற்ற பாத்திரத்துக்கு இயைய விடை கூறுவர். எண்ணிய செயல் முடியுமோ முடியாதோ என்னும் ஐயம் நேருமிடத்தே கட்டை உருட்டப்படும். ஆகவே, கதை நடத்துவோர்க்கு முதற்பணி நிகழ்ச்சிகள் நடத்தற்குரிய ஓர் உலகை அமைத்தலேயாம்.

அவ்வாறு அமைத்த உலகங்களுட் பாலைவன உலகம் பலருள்ளத்தையும் கவர்ந்தது. 1965-இல் பிராங்க் ஹெர்பர்ட் என்பார் 'டியூன்' என்னும் நாவலில் நீரருமையையே அடிப்படையாகக் கொண்ட உலகொன்றை வரைந்தார். 1991-இல் வெளிவந்த 'டார்க் சன்' என்னும் விளையாட்டுலகில், மாய வித்தை வல்லார் செடிகொடிகளின் உயிராற்றலை உறிஞ்சியமையால் நிலம் சாம்பலாயிற்று என்று கதை அமைந்துள்ளது. இவ்விரண்டும் சிறந்தமைக்குக் காரணம் மணலன்று. நீரின்மையினின்று மக்களின் உடை, வழக்கம், சட்டம், பகை யாவும் பிறக்குமாறு அவை அமைந்தமையே காரணமாகும். இவ்வுண்மையை அறியாது, மணலும் ஒட்டகமும் பேரீந்தும் வரைந்துவிட்டாற் பாலை உலகம் முடிந்தது என்று கருதுவார் உளர். அது திரைச்சீலை, உலகமன்று.

இத்துறையில் நமக்கு வழிகாட்டி பிற நாட்டிலே தேடவேண்டுவதில்லை. நம் அகத்திணைப் புலவர் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே பாலை உலகம் ஒன்றை அமைத்து வைத்தனர். தொல்காப்பியனார் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்னும் நான்கிற்கும் நிலமும் தெய்வமும் கூறி, பாலைக்குத் தனி நிலம் கூறாது விடுத்தார். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்ட நிலையே பாலை எனச் சிலப்பதிகாரம் காட்டும். எனவே, பாலை என்பது பிறவியன்று. ஒரு நிலத்துக்கு நேர்ந்த கேடு. உலகம் புனைவோர் கேட்கவேண்டிய முதல் வினாவும் இதுவே: இந்நிலம் முன்னர் யாதாயிருந்தது? எதனால் இந்நிலை எய்தியது?

இதனைக் கண்ணாற் காண விரும்புவார் இராஜபாளையத்தினின்று மேற்கே நோக்குக. தென்மேற்குப் பருவக்காற்றின் மழையைப் பெரும்பாலும் மலைத்தொடர் தடுத்துக்கொள்ள, அதன் கீழ்ப்பாலுள்ள இந்நாடு ஐப்பசி கார்த்திகை மழையையும் கண்மாய் நீரையும் பெரிதும் நம்பி வாழ்கின்றது. மலையும் காடும், குறிஞ்சியும் முல்லையும், இங்கே அடுத்தடுத்துக் கிடக்கின்றன. மழை பொய்த்த ஆண்டின் முதுவேனிலில் அருவி மெலிந்து, கண்மாய் வெடித்து, புதர்க்காடு சருகாய் நிற்குங்கால், இளங்கோவடிகள் கருத்துக்கு வேறு உரை வேண்டுவதில்லை. மணற்பாலையே காண வேண்டின், தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டின் செம்மணல் மேடுகள் உள. அங்குச் சுனையொன்றன் அருகே உறையும் தெய்வத்துக்கு 'அருஞ்சுனை காத்த அய்யனார்' என்பது பெயர். நீர் அரிதாகிய இடத்திற் காவற்றெய்வம் சுனையைக் காப்பதாக மக்கள் கொண்டமை எத்துணைப் பொருத்தம்! ஒரு பெயரிலேயே ஓர் உலகின் இயல்பு விளங்குகின்றது.

இனி, முதல், கரு, உரி என்னும் மூன்றும் முறையாக நின்று உதவும். முதற்பொருளாவன நிலமும் பொழுதும். பாலைக்கு வேனிலும் பின்பனியும் பெரும்பொழுது, நண்பகல் சிறுபொழுது. ஆட்டத்தின் இடர்கள் நண்பகலில் மிகுதல் வேண்டும். பயணம் இரவிலும் வைகறையிலும் நிகழ்தல் வேண்டும். கருப்பொருளைப் பிற்கால இலக்கணமாகிய நம்பியகப்பொருள் வகுத்துரைக்கின்றது. எயினரும் மறவரும் மக்கள், பருந்தும் கழுகும் புறாவும் பறவை, செந்நாய் விலங்கு, ஓமையும் இருப்பையும் மரம், குறும்பு ஊர், கூவல் நீர், துடி பறை, வழிப்பறி தொழில். இவை தனித்தனிச் சொற்களல்ல, ஒரு சங்கிலியின் கண்ணிகள். விளைவில்லாமையால் வழிப்பறி, வழிப்பறியால் அரணமைந்த குறும்பு, எச்சரிக்கவும் ஊக்கவும் துடி, வீழ்ந்தாரை உண்ணக் கழுகு. ஒன்றை நீக்கின் மற்றொன்று நில்லாது. எயினன் பிறவிக் கொடியனல்லன், விளையா நிலத்தில் வாழ நேர்ந்தவன் என்பதும் இதனாற் பெறப்படும். அவனை வெட்டி வீழ்த்தற்குரிய பகையாக மட்டும் வைக்கும் ஆட்டம் தன் நிலத்தை அறியாத ஆட்டமேயாம்.

எல்லாவற்றினும் சிறந்தது உரிப்பொருள். பாலைக்கு உரியது பிரிவு. பொருள் தேடிச் செல்வோன் ஒருத்தியை விட்டுப் பிரிந்தே அச்சுரத்தைக் கடக்கின்றான். ஆதலின், "உம் பாத்திரம் யாரைப் பிரிந்து வந்தது?" என்று ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஒவ்வொருவரையும் வினவுக. விடை கூறியபின் அப்பயணம் வெறும் நடையாகாது.

நீர்க் கணக்கிற்கு எளிய வழியொன்று கூறுவேன். ஒவ்வொருவர்க்கும் ஆறு புளியங்கொட்டை கொடுத்திடுக. ஒரு கொட்டை ஒரு நாள் நீர். கூவலை அடைய எட்டு நாள் நடை. வழியிற் கண்டோர் ஓமை நிழலில் நாவறண்டு கிடக்கின்றார் எனக் கதை நடத்துவோர் கூறுக. அவ்வளவில், கட்டை உருட்டாமலே ஆட்டம் சூடேறும். யார் கொடுப்பார்? யார் மறைப்பார்? பாலை பாடிய பெருங்கடுங்கோ என்னும் சேரவேந்தர் தம் கலிப்பாவில், கன்று கலக்கிய சிறிது நீரைப் பிடிக்கு ஊட்டிப் பின்னரே தான் உண்ணும் களிற்றைக் காட்டினார். வெம்மையைப் பாடவந்த புலவர் அவ்வெம்மையினூடே அன்பைக் கண்டமை நோக்கத்தக்கது. நீர் நிறைந்த நாட்டில் ஒரு கை நீர் ஈதல் பெரிதன்று. பாலையில் அஃதே ஒருவன் யாவன் என்பதை உணர்த்திவிடும்.

விளையாட்டிற் புனைந்த பாலை மேசையோடு முடியும். ஆயின் காடு அழியினும், கண்மாய் தூர்ந்து போயினும், குறிஞ்சியும் முல்லையும் மெய்யாகவே தம் இயல்பு கெடும். புளியங்கொட்டை ஆறினை எண்ணிப் பழகிய மாணவர், தம் ஊர்க் கண்மாயின் கரையில் நிற்கும்போதும் அக்கணக்கை மறவாதிருப்பாராக.