கடல் தூண்டில் – 9: பிரேக்கைப் பார்த்து வாங்குங்கள்

தூண்டில் கடையில் ரீல் பெட்டிகளை எடுத்துப் பார்த்தால் மூன்று எண்கள் பெரிதாக அச்சாகியிருக்கும். பேரிங் எத்தனை, கியர் விகிதம் என்ன, டிராக் அதிகபட்சம் எத்தனை கிலோ. பேரம் பேசுவதும் நண்பர்களுக்குள் ஒப்பிடுவதும் இந்த எண்களை வைத்துத்தான். குளத்து மீனுக்கு இது போதும். அங்கே ரீல் பெரும்பாலும் நரம்பைச் சுற்றி வைக்கும் பெட்டி, அவ்வளவே. கடலில் வஞ்சிரமோ பெரிய பாறை மீனோ கொக்கியைக் கடித்ததும் எடுக்கும் முதல் ஓட்டத்தில் கைப்பிடியைச் சுற்றவே முடியாது. ஸ்பூல்தான் சுற்றும், நரம்பு போய்க்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் ரீலில் வேலை செய்வது ஒன்றே ஒன்று: ஸ்பூலை அழுத்திப் பிடித்திருக்கும் வாஷர் அடுக்கு, அதாவது டிராக். கடலுக்கு ரீல் வாங்குகிறவர் உண்மையில் ஒரு பிரேக்கைத்தான் வாங்குகிறார். ராடைத் தேர்வதும் ரீலைப் பராமரிப்பதும்கூட அந்த பிரேக்கிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

கடல் தூண்டிலின் வரலாறும் இதையே சொல்கிறது. கலிஃபோர்னியாவின் கேடலினா தீவில் 1898-இல் சார்லஸ் ஃபிரெடரிக் ஹோல்டர் 183 பவுண்டு எடையுள்ள நீலத்துடுப்புச் சூரையை ராடும் ரீலும் கொண்டு பிடித்தார். அதே ஆண்டு அங்கே டூனா கிளப் என்ற தூண்டில்காரர் சங்கமும் தொடங்கியது. அன்றைய ரீலில் கைப்பிடி ஸ்பூலோடு நேராகப் பிணைந்திருந்தது. மீன் ஓடினால் கைப்பிடியும் பின்னோக்கிச் சுழலும். எடுக்க மறந்த விரல் முறியும். ஸ்பூல்மேல் ஒரு தோல் பட்டையைக் கட்டைவிரலால் அழுத்துவதுதான் பிரேக். பிறகு வில்லியம் பாஷன் என்ற தூண்டில்காரரின் யோசனைப்படி, புரூக்ளினைச் சேர்ந்த ஜூலியஸ் வோம் ஹோஃப் ரீலுக்குள்ளேயே வாஷர் அடுக்கை வைத்து, வெளியே நட்சத்திர வடிவத் திருகால் இறுக்கும் ரீலைச் செய்து கொடுத்தார். 1913-இல் அந்த ரீலைக் கொண்டு கேடலினா கடலில் பாஷன் பிடித்த மீன்தான் ராடும் ரீலும் கொண்டு பிடிபட்ட முதல் வாள்மீன். எடை 160 கிலோவுக்குச் சற்று மேல். அந்த 15 ஆண்டுகளில் மனிதரின் பலமும் மாறவில்லை, மீனின் பலமும் மாறவில்லை, மாறியது பிரேக்.

நல்ல பிரேக் என்றால் பலமான பிரேக் என்று பொருளல்ல. ஒரு ஸ்பிரிங் தராசை நரம்பில் கட்டி, டிராக்கை 3 கிலோவுக்கு வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். மட்டமான ரீலில் முள் 4 கிலோ வரை ஏறும், ஸ்பூல் அசையாது. திடீரென வழுக்கி முள் 3-க்கு இறங்கும், மறுபடி ஏறும். நல்ல ரீலில் முள் 3-ஐத் தொட்டதும் ஸ்பூல் நகரத் தொடங்கி, முள் அங்கேயே நிற்கும். பெரிய மீன் நரம்பை அறுப்பது மட்டமான ரீலில் முள் ஏறும் அந்த முதல் வெட்டில்தான். இன்னொரு கணக்கும் உண்டு. பிரேக்கின் பிடி மாறாமல் இருந்தாலும், நரம்பு போகப் போக ஸ்பூலில் மிஞ்சும் சுற்றின் விட்டம் குறைகிறது. விட்டம் பாதியானால் நரம்பில் விழும் இழுவிசை இரண்டு மடங்காகும். நிறைந்த ஸ்பூலில் 6 கிலோ வைத்தவருக்கு, அவர் திருகைத் தொடாமலே அது 12 கிலோவாகிவிடும். தண்ணீருக்குள் நீண்டு கிடக்கும் நரம்பின் உராய்வு அதற்கு மேல். நரம்பு அறுபடும் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் டிராக் வைக்க வேண்டும் என்ற பழைய விதி இந்தக் கணக்கிலிருந்து வந்தது. அடித்தண்டு பருத்த ஸ்பூல்களைச் செய்வதும் விட்டம் சட்டென்று குறையாமல் இருக்கத்தான்.

இப்போது இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்பு வந்துவிட்டதே, மெல்லியதாக இருந்தும் 40 கிலோ தாங்குகிறதே, டிராக்கை இறுக்கிவிட்டு இழுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நரம்பு தாங்கும், ஆள் தாங்க மாட்டார். ராடின் அடிக்கட்டையை இடுப்பில் ஊன்றி, அதிலிருந்து 50 செ.மீ. தள்ளிக் கையை வைத்து, 2 மீட்டர் தள்ளி இருக்கும் நுனியில் மீன் 6 கிலோ விசையில் நேர்க்குத்தாக இழுப்பதாக வைத்துக்கொள்வோம். கையில் விழுவது 24 கிலோ. நெம்புகோல் மீனின் பக்கம் இருக்கிறது. ராட் நன்றாக வளைந்து நுனியின் தூரம் 1.25 மீட்டராகச் சுருங்கினால் அது 15 கிலோவாகக் குறையும். ஆகவே விறைப்பான ராடுதான் பலமான ராட் என்பது பாதி உண்மை. நீங்கள் வைக்கப்போகும் டிராக்கில் எவ்வளவு வளைகிறது என்று பார்த்தே ராடை எடுக்க வேண்டும். படகில் நின்று பிடிப்பவருக்குக் குட்டையான ராட் போதும். கரையில் அலைக்கு அப்பால் வீச வேண்டியவர் நீளத்தை ஏற்றுக்கொண்டு டிராக்கைக் குறைக்க வேண்டியதுதான். பெட்டியில் போட்டிருக்கும் 25 கிலோ டிராக்கை ஆடும் படகில் நின்று தாங்கக்கூடியவர் மிக அரிது. அந்த எண் பயனற்றது என்றும் சொல்லிவிட முடியாது: 25 கிலோ தாங்கும்படி செய்த பிரேக், 8 கிலோவில் சூடேறாமல் சீராக ஓடும். பேரிங் எண்ணிக்கைக்கு இந்தச் சலுகையும் கிடையாது. உப்பில் ஒவ்வொரு கூடுதல் பேரிங்கும் துருப்பிடிக்க இன்னோர் இடம்.

இன்னொரு மறுப்பு நம் கரையிலிருந்தே வரும். கைத்தூண்டிலில் ரீலும் இல்லாமல் டிராக்கும் இல்லாமல் மீனவர்கள் பெரிய மீன்களை ஏற்றுகிறார்களே? அவர்களிடம் பிரேக் இருக்கிறது, விரல்கள்தான் அது. மீன் ஓடும்போது விட்டு, சோரும்போது இழுத்து, விசையை நொடிக்கு நொடி மாற்றுகிற அந்தப் பழகிய கைக்கு ஈடான டிராக்கை எந்த நிறுவனமும் செய்ததில்லை. அந்தக் கை இல்லாதவருக்கு வாஷர்.

பராமரிப்பிலும் முதலில் காப்பாற்ற வேண்டியது இந்த வாஷர்களைத்தான். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. பிரெய்டு நரம்பு அதை உறிஞ்சிக்கொண்டு வந்து ஸ்பூலில் சேர்க்கிறது. நீர் காய்ந்து உப்பு தங்குகிறது, ஈரக்காற்றில் மீண்டும் கசிகிறது. அலுமினிய உடலும் எஃகுத் திருகும் தொடும் இடத்தில் உப்புநீர் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கி, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். கரை திரும்பியதும் டிராக்கை முழுதாக இறுக்கி, நீர் உள்ளே புகாதபடி செய்துகொண்டு, மெல்லிய தூறலாக நல்ல தண்ணீர் விட வேண்டும். வாளியில் முக்குவதும் குழாயால் பீய்ச்சுவதும் உப்பை உள்ளே தள்ளும். வெந்நீரில்தான் உப்பு போகும் என்பதும் வீண் நம்பிக்கை; சாதாரண உப்பு குளிர்ந்த நீரிலும் கிட்டத்தட்ட அதே அளவு கரையும், வெந்நீர் கிரீஸைத்தான் இளக்கும். துடைத்து நிழலில் உலர்த்திய பிறகு டிராக்கைத் தளர்த்தியே வைக்க வேண்டும். இறுக்கத்திலேயே கிடந்த வாஷர் தட்டையாகி ஒட்டிக்கொண்டால், அடுத்த முறை தராசு முள் குதிக்கும்.

முழுதும் மூடி அடைத்த ரீல்கள் வந்துவிட்ட பிறகு இவ்வளவு பாடு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்காவின் மாண்டாக்கில் ரப்பர் உடையோடு நீந்திப் போய்ப் பாறைமேல் நின்று அலையில் முங்கி முங்கி வீசுகிறவர்கள் வான் ஸ்டால் போன்ற அடைப்பு ரீல்களை விரும்புவதில் வியப்பில்லை. அந்த இடத்துக்கு அது தேவை. ஆனால் அடைக்கும் ரப்பர் வளையம் நாளாக நாளாக விறைத்துப்போகும். அதன்பின் உள்ளே போன நீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே இருந்து அரிக்கும். டைவா நிறுவனத்தின் மேக்சீல் போன்றவை காந்த எண்ணெய்ப் படலத்தால் அடைப்பவை. வீட்டில் திறந்து சாதாரண எண்ணெய் விட்டால் படலம் கெடும். பக்கத்தில் நல்ல பழுதுபார்ப்பவர் இல்லாத ஊரில் இருப்பவருக்கு, திருகுப்புளி கொண்டு தானே பிரித்து வாஷரை மாற்றக்கூடிய எளிய ரீல்தான் நீடிக்கும். 1936-இல் வந்த பென் செனட்டர் ரீல் இத்தனை காலம் புழங்குவதற்கு அதன் எளிமையும் ஒரு காரணம்.

ராடில் பார்க்க வேண்டியது குறைவு. வளையங்களுக்குள் சிறு பஞ்சை இழுத்துப் பாருங்கள். இழை சிக்கினால் உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கிறது, அது பிரெய்டை அறுக்கும். படகு விளிம்பில் இடிபட்ட கார்பன் ராட் அன்று உடையாது, பிறகொரு நாள் மீன் இழுக்கும்போது உடையும். ரீலைக் கழற்றாமல் ராடோடு மாட்டி வைத்தால் இருக்கைத் திருகு உப்பில் இறுகிவிடும். ஸ்பூலில் பிரெய்டை எந்த அளவு இறுக்கிச் சுற்ற வேண்டும், அது ஏன் உள்ளே புதைகிறது என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.