பாய்மர வீட்டில் பிள்ளைகள்

ஃபீனிக்ஸ் பே துறையில் கைக்குழந்தையோடு கப்பலேறி ஹேவ்லாக் (இப்போது ஸ்வராஜ் த்வீப்) போகும் குடும்பங்களுக்குக் கடல் சில மணி நேர விஷயம். பிள்ளை வாந்தியெடுக்காமல் இருந்தால் சரி. கடலையே வீடாக்கிக்கொள்பவர்களின் கணக்கு வேறு.

பிரிட்டனைச் சேர்ந்த டூகல் ராபர்ட்சன் பண்ணையை விற்றுவிட்டு, பிள்ளைகள் உலகைப் பார்க்கட்டும் என்று 1971ல் 'லூசெட்' என்ற பாய்மரக் கப்பலில் குடும்பத்தோடு கிளம்பினார். 1972 ஜூன் 15 அன்று காலபகோஸ் தீவுகளுக்கு மேற்கே கொலைத் திமிங்கிலங்கள் மோத, கப்பல் சில நிமிடங்களில் மூழ்கியது. இரட்டைச் சிறுவர்கள் உட்பட ஆறு பேர். ரப்பர் மிதவையும் வீணாகிவிட, மூன்று மீட்டர் படகில் நெருக்கியடித்தார்கள். மழை பெய்தால் தண்ணீர். இல்லாவிட்டால் ஆமை ரத்தம். தாய் லின் நர்ஸ். குடிக்க லாயக்கற்ற நீரை எனிமாவாகக் கொடுத்து, உடல் வறளாமல் காத்தார். 38ஆம் நாள் ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் ஒன்று மீட்டது.

அப்பா செய்தது அசட்டுத் துணிச்சல்தான். ஆனால் மூத்த மகன் டக்ளஸ், 2005ல் அந்தப் பயணத்தைப் பற்றித் தாமே ஒரு புத்தகம் எழுதினார்.