வீட்டில் ஆக்கும் பேர்கர்

பெயரிற் பிறந்த மயக்கமொன்றை முதலிற் களைந்துகொள்வோம். 'ஹம்பேர்கர்' என்னும் சொல்லின் முற்பாதி, ஆங்கிலத்திற் பன்றித் தொடையிறைச்சியைக் குறிக்கும் சொல்லை ஒத்திருத்தலால், அவ்விறைச்சியால் ஆயதே அவ்வுணவு என எண்ணுவார் உளர். ஜேர்மனி நாட்டுத் துறைமுக நகராகிய ஹம்பேர்க்கின் பெயரடியாகப் பிறந்த சொல் அது. அந்நகரின் பெயரால் வழங்கிய கொத்திய இறைச்சி உணவு, குடியேறிய மக்களோடு அமெரிக்கா சென்று, அங்கே இரு பாண் துண்டுகளுக்கிடையே புகுந்தது. முதலிற் புகுத்தியவர் யாவர் என்பது பற்றி அமெரிக்க ஊர்கள் சில இன்றும் வழக்காடுகின்றன. அவ்வழக்கு நமக்கு வேண்டா. பிற்காலத்தார் சொல்லை நடுவே அறுத்து, 'பேர்கர்' என்பதைத் தனிச்சொல்லாக்கி, அதன் முன்னே கோழி, மீன், மரக்கறி என எதனையும் ஒட்டலாயினர். பகுதி விகுதி பிரித்துப் பழகிய நம் பழைய மாணவர்க்கு இவ்வறுவை நகைப்பைத் தரலாம். ஆயினும் அதனால் ஒரு நன்மை விளைந்தது. பேர்கர் என்பது இன்ன இறைச்சி என்பதன்று, ஓர் அமைப்பு என்பது சொல்லளவிலேயே நிலைபெற்றுவிட்டது.

அவ்வமைப்பில் உறுப்புகள் நான்கு: பணிஸ், அதன் நடுவே வைக்கும் தட்டையான உருண்டை, இலையும் காயும், சோஸ். தட்டையான உருண்டையை இக்கட்டுரையில் 'அடை' என்றே குறிப்போம். இந்நான்கிலும் இயல்பாகவே தீங்கானது எதுவும் இல்லை. தீங்கு நேர்வது அளவினாலும், அவ்வளவைத் தீர்மானிப்பவர் உண்பவராயன்றி விற்பவராய் இருத்தலாலுமேயாம்.

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும், நம்மவர் சென்று வாழும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும், பிள்ளைகள் இவ்வுணவைக் கேட்கின்றனர். அவ்வீடுகளிலேயே நீரிழிவுக்கும் குருதியமுக்கத்துக்கும் மருந்துண்ணும் பெற்றோரும் பாட்டன்மாரும் உளர். தடுத்தால் பிள்ளைகள் கடையில் உண்பர். கொடுத்தால் வீட்டாரும் உடனுண்பர். ஆதலின் தடுப்பதா கொடுப்பதா என்பதினும், எப்படி ஆக்குவது என்பதே பயனுள்ள வினா.

கடைப் பேர்கர் இன்றுள்ள வடிவை அடைந்ததற்குக் காரணம் மலிவும் ஒருசீர்மையும் ஆகும். 1906இல் அப்ரன் சிங்கிளேயர் வெளியிட்ட 'த ஜங்கிள்' என்னும் நாவல் சிக்காகோ இறைச்சிச் சாலைகளின் அழுக்கை உலகறியச் செய்தது. அரைத்த இறைச்சியை மக்கள் ஐயத்தோடு நோக்கிய காலம் அது. 1921இல் கன்சாஸ் மாநிலத்து விச்சிற்றா நகரில் தொடங்கிய வைற் காசில் என்னும் நிறுவனம், வெண்மையான கட்டடமும் கண்முன் சமைக்கும் அடுப்புமாக அவ்வையத்தைப் போக்கி, ஒன்றை ஐந்து சதத்துக்கு விற்றது. 1948இற் கலிபோர்ணியாவின் சான் பேர்ணாடினோவில் மக்டொனால்ட் சகோதரர் தம் கடையைத் தொழிற்சாலை முறையில் மாற்றியமைத்துப் பதினைந்து சதத்துக்கு விற்றனர். மலிவான பண்டத்துக்கு எல்லா ஊரிலும் ஒரே சுவை வேண்டின், அதனைக் குறைந்த செலவில் தருவன கொழுப்பு, உப்பு, சீனி என்னும் மூன்றுமேயாம். வீட்டிற் சமைப்பார்க்கு அந்நெருக்கடி இல்லை.

மாட்டிறைச்சி நம் வாசகர் பலரின் அடுக்களைக்கு அயலானது. எனினும் மூல உணவின் கணக்கை அறியாமல் ஒப்புநோக்க இயலாது. ஐந்திலொரு பங்கு கொழுப்புள்ள அரைத்த மாட்டிறைச்சி 100 கிராமில், சமைக்குமுன், ஏறத்தாழ 254 கிலோ கலோரியும் 20 கிராம் கொழுப்பும் 17 கிராம் புரதமும் உள. நார்ப்பொருள் சிறிதும் இல்லை. கொழுப்பைப் பத்திலொரு பங்காகக் குறைத்தால் கலோரி 176 அளவுக்கு இறங்கும். அங்ஙனமாயின் எல்லாரும் கொழுப்பற்ற இறைச்சியையே கொள்ளலாமே எனின், சமைத்துப் பார்த்தவர் அறிவர், அது சக்கைபோல் உலர்ந்துவிடும். சூடேறும்போது இறைச்சியின் புரதம் சுருங்கி நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றது. உருகிய கொழுப்பே அவ்வுலர்வை நாவுக்குத் தோன்றாமல் மறைக்கின்றது. ஆகவே கொழுப்பைக் குறைப்பவர், ஈரத்தைக் காக்க வேறொன்றை அவ்விடத்தில் வைத்தல் வேண்டும்.

அதற்கு வழிகள் உள. காளானைப் பொடியாக அரிந்து, எண்ணெயின்றித் தாச்சியில் நீர் வற்றும்வரை வதக்கி, இறைச்சியின் நிறையில் மூன்றிலொரு பங்கு கலக்கலாம். பாண் துண்டொன்றைப் பாலில் நனைத்துப் பிசைந்து சேர்க்கலாம்; அதிலுள்ள மாப்பொருள் நீரைப் பற்றிக்கொள்வதோடு, புரத இழைகள் ஒன்றையொன்று இறுகப் பிணையாமலும் தடுக்கும். தோல் நீக்கிய கோழியிறைச்சியை அரைத்துச் செய்வார்க்கு இம்முறை பெரிதும் உதவும்.

உப்பைப் பற்றி ஒரு நுட்பம் உண்டு. கொத்திய இறைச்சியோடு உப்பை முன்னரே பிசைந்தால், அது மயோசின் என்னும் புரதத்தைக் கரைத்துப் பசையாக்கும். வெந்தபின் அடை இறப்பர்போல் இறுகும். அடையைத் தட்டி முடித்து, சட்டியில் இடுவதற்குச் சற்று முன் மேற்புறத்தில் மாத்திரம் தூவினால் அடை மிருதுவாய் இருக்கும். நா முதலில் தொடுவது மேற்பரப்பையே ஆதலின், குறைந்த உப்பும் நிறைந்ததுபோலத் தோன்றும். உடல்நலமும் சுவையும் ஒரே பக்கம் நிற்கும் இடங்களுள் இஃதொன்று.

இறைச்சியிற் செய்வோர்க்கு எச்சரிக்கை ஒன்று கூறாது அப்பாற் செல்லுதல் தகாது. முழு இறைச்சித் துண்டில் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருத்தலின், மேற்புறம் நன்கு சுட்டால் அவை மடியும். அரைக்கும்போதோ மேற்பரப்பு உட்புறமாகி, கிருமி எங்கும் பரவுகின்றது. 1993இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிற் சரியாக வேகாத பேர்கர்களாற் பரவிய ஈ. கோலை பற்றீரியா 700க்கு மேற்பட்டோரை நோயுறச் செய்தது. நான்கு குழந்தைகள் இறந்தனர். அரைத்த மாட்டிறைச்சியின் நடுப்பகுதி 71 பாகை செல்சியஸையும், கோழியிறைச்சியாயின் 74 பாகையையும் அடைதல் வேண்டும் என்பது அந்நாட்டு விதி. நிறத்தை நம்பலாகாது, அவ்வெப்பத்தை அடையுமுன்னரே பழுப்பாகிவிடும் இறைச்சியும் உண்டு. ஊசிமுனை வெப்பமானி ஒன்று அடுக்களையில் இருத்தல் நன்று.

இனி மரக்கறி அடைக்கு வருவோம். இங்கே நம்மவர்க்குக் கைவந்த கலையொன்று துணைநிற்கின்றது. மேலைநாட்டுச் சமையற் குறிப்புகள் பலவும் அவித்த பயறுவகையை மசித்து அடை தட்டச் சொல்லும். அவித்த பயற்றின் மாப்பொருள் முன்னரே வீங்கி வெந்துவிட்டமையால் மீண்டும் பிணைக்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. அடை களியாகவோ உதிரியாகவோ முடியும். அதனைக் கட்டிப்பிடிக்க முட்டையும் பாண்தூளும் மாவும் அள்ளிக் கொட்டுவர். கடலைவடை சுடும் நம் வீட்டுப் பெண்டிர் கடலைப்பருப்பை அவிப்பதில்லை, ஊறவைத்து அரைப்பர். பச்சை மாப்பொருள் சூட்டில் வீங்கித் தானே இறுகிப் பிணைக்கின்றது. பேர்கர் அடைக்கும் இதுவே நெறி. வடையில் நாம் விலக்கவேண்டியது எண்ணெயில் அமிழ்த்திப் பொரிப்பதை மாத்திரமே.

கொண்டைக்கடலை 250 கிராம் எடுத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஊறவிட்டு, நீரை நன்றாக வடித்து, நீர் சேர்க்காமற் கொரகொரப்பாக அரைக்க. பெரிய வெங்காயம் ஒன்று, பச்சை மிளகாய் இரண்டு, சிறு துண்டு இஞ்சி, உள்ளி நான்கு பல்லு, ஒரு பிடி கறிவேப்பிலை ஆகியவற்றைப் பொடியாக அரிந்து சேர்த்து, ஒரு மேசைக்கரண்டி எள்ளும் அரைத் தேக்கரண்டி உப்பும் இட்டுப் பிசைந்து, ஆறு அடைகளாக அரை அங்குலத் தடிப்பில் தட்டுக. அவற்றை இட்டலிச் சட்டியிற் பதினைந்து நிமிடம் ஆவியில் வேகவைத்து ஆறவிடின் உட்புறம் முற்றாக வெந்து உறுதிப்படும். பின்னர் தோசைக்கல்லில் ஒவ்வொன்றுக்கும் அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு இருபுறமும் பொன்னிறமாக்கினாற் போதும். முதலில் ஆவியில் வேகவைத்தலால், எண்ணெயின் வேலை நிறமும் மணமும் தருதல் என்ற அளவில் அடங்குகின்றது. இவ்வடை ஒன்றில் ஏறத்தாழ 8 கிராம் புரதமும் 5 கிராம் நார்ப்பொருளும் அரைக் கிராம் உப்பும் இருக்கும். புரதம் இறைச்சி அடையிற் பாதியளவே. ஆயினும் இறைச்சியில் அறவே இல்லாத நார்ப்பொருள் இங்கே கிடைக்கின்றது. உண்ணும்போது தேசிக்காய்ப் புளி சில துளி விட்டுக்கொண்டால், கடலையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பது எளிதாகும்.

கௌபியும் பயறும் இம்முறைக்கு இயையும். சிவப்புப் போஞ்சி விதையை மாத்திரம் இவ்வாறு பச்சையாக அரைக்கலாகாது. அதிலுள்ள லெக்ரின் என்னும் நச்சுப்புரதம் கடும் வாந்தியை உண்டாக்கும். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரிற் கொதிக்கக் கொதிக்க அரை மணி நேரம் அவித்தபின்னரே அதனைக் கையாள வேண்டும்.

மரக்கறி என்ற பெயரே நலத்துக்குச் சான்றாகாது என்பதையும் இங்கே கூறல் வேண்டும். இறைச்சியைப் போலத் தோன்றுமாறு தொழிற்சாலையில் ஆக்கி விற்கும் தாவர அடைகள் சிலவற்றிற் சாறுபோல் வழிவது தேங்காயெண்ணெய். அவ்வெண்ணெயில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் நிரம்பிய கொழுப்பு. நல்லெண்ணெயில் அது பதினைந்தளவே. தேங்காய்க்கும் நமக்கும் உள்ள உறவு நெடியது என்பதற்காக இக்கணக்கு மாறிவிடாது. வாங்குவோர் உறையின் பின்புறத்தை வாசிக்க.

பணிஸ் பற்றிப் பலரும் நினைப்பதில்லை. வெள்ளை மா, சீனி, உப்பு மூன்றும் அதிலே மறைந்திருக்கின்றன. வீட்டிற் சுடுவோர் ஆட்டா மா மூன்று பங்கு, வெள்ளைக் கோதுமை மா இரண்டு பங்கு, குரக்கன் மா ஒரு பங்கு எனக் கலக்கலாம். குரக்கனை இதனினும் கூட்டினால் பணிஸ் எழாது. மாவை இழுத்துப் பிடித்துக் காற்றை அடைக்கும் குளுட்டன் என்னும் பசைப்புரதம் அதில் இல்லை. 400 கிராம் மாவுக்கு நான்கு கிராம் உப்புப் போதும். எட்டுப் பணிஸ் வரும். சுடுவதற்கு வசதியில்லாதார் கடைப் பணிஸின் மேல்மூடியை விலக்கி, கீழ்ப்பாதியோடு உண்டாலும் மாவிற் பாதி குறையும். கண்ணுக்கு அழகில்லை என்று பிள்ளைகள் முறையிடக்கூடும்.

சோஸ் வகையிலேதான் கைதவறுதல் மிகுதி. மயோனைஸ் என்பது நான்கில் மூன்று பங்கு எண்ணெய். ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 90 கிலோ கலோரி. போத்தலில் வரும் தக்காளிச் சோஸின் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 4 கிராம் சீனி. தயிரை மெல்லிய துணியிற் கட்டி மூன்று மணி நேரம் தொங்கவிட்டால் வெண்ணெய்போல் திரளும். அதில் நசுக்கிய உள்ளி, மிளகுதூள், புதினா, தேசிக்காய்ப் புளி கலந்தால் மயோனைஸை ஒருவரும் தேடமாட்டார். அவித்துத் தோலுரித்த தக்காளியை இஞ்சியும் செத்தல் மிளகாயும் சேர்த்து வற்றவைத்தால் சோஸும் ஆயிற்று. இலைக்குச் சலாது கிடையாத இடத்தில் வல்லாரை உண்டு. கெக்கரிக்காயும் வெங்காயமும் தாராளமாக வைக்கலாம்.

உலகச் சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்க்கு விதித்த உப்பின் எல்லை நாளொன்றுக்கு 5 கிராமிலும் குறைவு. கடையிற் பெரிய பேர்கர் ஒன்று இதிற் பாதியை விழுங்குவது அரிதன்று. மேலே கூறிய பணிஸில் அரைக் கிராம், அடையில் அரைக் கிராம், சோஸில் ஒரு சிட்டிகை எனக் கூட்டினால் ஒன்றேகாற் கிராமைத் தாண்டாது. பக்கத்தில் வைக்கும் உருளைக்கிழங்குப் பொரியலையும் உப்பூறுகாயையும் சேர்த்தால் இக்கணக்குப் பாழ். பொரித்தே தீரவேண்டுமாயின் இளம்பொன் நிறத்தோடு இறக்குக; மாப்பொருளுணவு கடுஞ்சூட்டிற் கருகும்போது அக்கிரிலமைட் என்னும் வேண்டாப் பொருள் உண்டாதலை 2002இற் சுவீடன் நாட்டு ஆய்வாளர் வெளியிட்டனர்.

ஆவியில் வேகவைத்த அடைகளை ஆறியவுடன் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் இருக்கும். உறைநிலையில் ஒரு மாதம் இருக்கும். அலுவலகத்தால் மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பும் தாயோ தந்தையோ தோசைக்கல்லைச் சூடாக்கினால், பிள்ளை கடைக்குப் போய்வரும் நேரத்துக்குள் பேர்கர் ஆயத்தமாகிவிடும்.