பெட்டியில் 1050, உள்ளே 450

புசல்லாவையில் கிராபிக்ஸ் கார்ட் என்று யாரும் சொல்வதில்லை. ‘விஜிஏ ஒண்ணு போடணும்’ என்பார்கள். போன வருடம் என் அக்கா மகனும் அப்படித்தான் கேட்டான். உயர்தரப் பரீட்சை முடிந்து வீடியோ எடிட்டிங் பழகுகிறானாம். கேம் விளையாடத்தான் பாதி ஆசை என்பது எனக்குத் தெரியாதா என்ன.

முகநூலில் ஒரு பக்கம். ‘ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி, புத்தம் புதுசு, 21,500 ரூபாய், பொருள் கைக்கு வந்ததும் காசு.’ அக்கா கொழுந்து பறிக்கிறவள். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 16 பேர் (தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்போம்). அரைப் பேர் போட்ட நாட்களைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

கூரியர் பையன் காசை எண்ணி வாங்கிய பிறகுதான் பெட்டியைக் கையில் கொடுத்தான். பெட்டியில் எந்தக் கம்பனியின் பெயரும் இல்லை. உள்ளே பளபளவென்று இரண்டு விசிறி. கார்டைத் திருப்பி, மொனிட்டர் வயர் செருகுகிற பக்கத்தைப் பார்த்தேன். நீல நிறத்தில், 15 துளையோடு ஒரு பழைய சொக்கெட். நாம் கார்டுக்கே வைத்துவிட்ட விஜிஏ என்ற பெயர் உண்மையில் அந்தச் சொக்கெட்டின் பெயர். என் வயிற்றைக் கலக்கியதும் அதுதான். 2016இல் வெளிவந்த 1050 டிஐயின் சிப்பில் அந்த அனலொக் வெளியீடே கிடையாது. சிப்பைச் செய்யும் என்விடியா கம்பனி அந்தத் தலைமுறையோடு அதைக் கைவிட்டுவிட்டது.

போட்டுப் பார்த்தோம். விண்டோஸ் ‘1050 டிஐ, 4 ஜிபி’ என்றே காட்டியது. அவனுக்குச் சந்தோஷம். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை இறக்கி ஓடவிட்டேன். பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று எழுதி வந்தது. 2018இல் வந்த 2.12 பதிப்பிலிருந்தே அது இந்த வேலையைச் செய்கிறது. உள்ளே இருந்தது 2010ஆம் ஆண்டு ஜிடிஎஸ் 450. அசலில் 768 கோர்கள் இருக்க வேண்டும், இதில் 192.

“மாமா, டிரைவர் பிழையா இருக்குமோ?” என்றான். டிரைவர் பிழை இல்லை. கார்டின் பயோஸ் இருக்கும் சின்னச் சிப்பில் பெயரையும் நினைவக அளவையும் மாற்றி எழுதிவிடுகிறார்கள். கார்ட் தன்னைப்பற்றிச் சொல்வதை விண்டோஸ் நம்பிவிடுகிறது. சும்மா டெஸ்க்டொப் பார்க்கும்வரை ஒன்றும் தெரியாது. உண்மையில் இல்லாத நினைவகத்தைக் கேம் தேடிப் போகும்போதுதான் திரை கறுத்துப்போகும். புதிய டிரைவர் போடவும் வழியில்லை. அந்தத் தலைமுறைக்குப் புது டிரைவர் கொடுப்பதை என்விடியா 2018இல் நிறுத்திவிட்டது.

காசு போவது ஒரு பக்கம், மின்சாரம் இன்னொரு பக்கம். அசல் 1050 டிஐக்கு 75 வொட் போதும், தாய்ப்பலகையின் ஸ்லொட்டே அதைக் கொடுத்துவிடும். பழைய 450 கேட்பது 106 வொட். நம் பிள்ளைகளிடம் இருப்பது பெரும்பாலும் அலுவலகங்களில் கழித்த கணினி, அதில் சின்ன பவர் சப்ளை. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் வயரிலிருந்து ஒரு மலிவு அடாப்டரைப் பிடித்து இழுத்துக் கொடுக்கும்போது, அந்த இணைப்பு சூடாகிப் பிளாஸ்டிக் உருகும் வாடை வரலாம். வாடை வந்தால் பிளக்கைக் கழற்றுங்கள். டிரைவர் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

பெயரில்லாத கார்ட் எல்லாம் போலி என்று நான் சொல்லவில்லை. ஆர்எக்ஸ் 580 என்று விற்கிறவற்றில் 2048 எஸ்பி என்று ஒரு ரகம் உண்டு. அது என்விடியாவின் போட்டிக் கம்பனியான ஏஎம்டியே சீனச் சந்தைக்கு விட்டது. ஆனால் அசல் 580இல் 2304 கோர்கள், இதில் 570க்கு உள்ள 2048தான். விளம்பரத்தில் அந்த 2048 மட்டும் காணாமல் போயிருக்கும். 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற இலத்திரனியல் நாணயத்தைக் கார்ட் வைத்துத் தோண்டும் முறை முடிந்தபிறகு, இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தையில் கொட்டப்பட்டன. விசிறியையும் மூடியையும் மாற்றினால் அவையும் ‘புதுசு’தான்.

மலிவாக விற்பது குற்றமில்லை. ஒன்றை இன்னொன்று என்று சொல்லி விற்பதுதான் குற்றம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அதைத் தடுக்கிறது. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ‘அடுத்த கிழமை மாத்தித் தாறேன்’ என்று விற்றவன் இழுத்தடிப்பது இந்தக் கெடு தாண்டட்டும் என்றுகூட இருக்கலாம். விசாரித்துப் பணத்தைத் திருப்பித் தரவோ, பொருளை மாற்றவோ, நட்டஈடு கொடுக்கவோ சபை உத்தரவிடலாம். கண்டி மாவட்டச் செயலகத்தில் கொடுக்கலாம், 1977க்கு அழைத்து விசாரிக்கலாம். கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள், அது அரசியலமைப்பு தந்த உரிமை. சிங்களத்தில் எழுதித் தர ஆள் தேடி நாளைக் கடத்த வேண்டாம்.

சபை பார்ப்பது வியாபாரிகளை. பாவித்த கார்டை ஒரு தனி ஆள் விற்றிருந்தால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். திட்டமிட்ட ஏமாற்று என்றால் பொலிஸுக்கு. வெளிநாட்டுத் தளத்தில் வாங்கியிருந்தால் இலங்கைச் சபையின் கை அங்கே எட்டாது. அந்தத் தளத்தின் முறைப்பாட்டுக் கெடுதான் உங்கள் முதல் பிடி, ஆகவே சோதிக்கும் முன் ‘கிடைத்தது’ என்ற பொத்தானை அழுத்த வேண்டாம். வங்கி அட்டையில் கட்டியவர்கள் உடனே வங்கியில் எழுத்துமூலம் ஆட்சேபிக்கலாம். வங்கி அசையாவிட்டால் மத்திய வங்கியின் 1935 இருக்கிறது. ஒரு தனியாளின் கணக்கில் நேரடியாகப் போட்ட காசை மீட்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம்.

எங்களிடம் பற்றுச்சீட்டு இல்லை. கேட்டால் விற்றவர் கொடுத்தே ஆகவேண்டும் என்பது அன்றைக்கு அக்கா மகனுக்குத் தெரியாது. முகநூல் பக்கமும் அவனைத் தடுத்துவிட்டது. மிஞ்சியது கூரியர் துண்டு. நல்லவேளை, அக்கா அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். அனுப்பியவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் அதில் இருந்தன. அரட்டையின் ஸ்கிரீன்ஷொட், விளம்பரம், ஜிபியு-இசட் திரை, நீலச் சொக்கெட்டின் படம் எல்லாவற்றையும் அச்செடுத்தோம். இலத்திரனியல் ஆவணம் என்பதற்காகவே தள்ளிவிட முடியாது என்று 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் சொல்கிறது. ஒரு காலை கம்பளை பஸ் பிடித்துக் கண்டிக்குப் போய்க் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, அதன் படத்தைத் துண்டில் இருந்த இலக்கத்துக்கு அனுப்பினோம்.

இரண்டாம் நாள் 15,000 வந்தது. மிச்சம் 6,500க்கு முறைப்பாடு இன்னும் நிற்கிறது. கார்ட் அக்கா வீட்டு அலுமாரியில், சேலைகளுக்கு அடியில். அத்தாட்சிப் பொருள் என்று சொல்லி வைத்திருக்கிறேன், மகனைக்கூடத் தொடவிடமாட்டேன் என்கிறாள்.